கடற்பஞ்சுக்குள் ஒரு கோகிலா

பதினொன்று. முனைவர் செல்லச்சாமி இதுவரை உலகத்துக்கு அறிவித்த புதிய உயிரினங்களின் எண்ணிக்கை இது. அவற்றில் ஒன்பதை அவருக்கு முன்பே வேறு யாரோ அறிவித்துவிட்டார்கள் என்பது சின்ன விஷயம்.

வாசகரே, 'பார்த்தவுடன் பெயர் வைப்பவர்' என்ற இனத்தைச் சேர்ந்தவர் இவர். வாழிடம் மண்டபம் கடற்கரை. வலையில் சிக்கி வரும் கடற்பஞ்சைக் கிழித்து, அதன் துளைகளுக்குள் குடும்பம் நடத்தும் நகக்கண் அளவு இறால்களை இடுக்கியால் எடுத்து, கால்களை எண்ணி, மீசையை அளந்து, தேநீர் ஆறுவதற்குள் "இது யாருமே பார்க்காதது" என்று முடித்துவிடுவார். யாருமேவா? உள்ளே குடியிருந்த மற்ற இறால்கள்கூடவா?

பன்னிரண்டாவது போன மாதம் கிடைத்தது. ஆய்வகத் தொட்டியில் மூன்று நாளாகக் கிடந்த ஒரு பஞ்சுக்குள் நாற்பது இறால்கள். எல்லாவற்றுக்கும் ஒரு கொடுக்கு பெரிது, ஒரு கொடுக்கு சிறிது. ஒன்றுக்கு மட்டும் பெரிய கொடுக்கே இல்லை, இருந்தது சின்னக் கொடுக்குதான். போதாதா? மனைவி கோகிலாவின் பெயரைச் சூட்டி, வெள்ளிக்கிழமை அனுப்பக் கட்டுரையும் எழுதிவிட்டார். மகள் பெயரில் ஒரு இறால் இருக்கும் செய்தியை மாமனார் உத்தரகோசமங்கை முழுக்கச் சொல்லிவிட்டார்.

மறுநாள், இறாலைப் பதப்படுத்த ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தபோது, தொட்டி கழுவும் ஜோதிமேரி எட்டிப் பார்த்தார்.

"அதை எதுக்கு சார் கொல்றீக?"

"புது இனம்மா."

"இவனா? முந்தாநாள் சண்டை போட்டுப் பெரிய கொடுக்கைப் பறிகுடுத்த பய சார். ஒடிஞ்சது இங்கனதான் கெடந்துச்சு, நான்தான் அள்ளிப் போட்டேன். ரெண்டு தடவை மேல் ஓட்டைக் கழட்டுனா சின்னது பெருசாயிரும்."

"எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"தெரியாது சார். நான் தொட்டி கழுவுறவ."

செல்லச்சாமி பாட்டிலை மூடினார். வீட்டுக்குப் போன் போட்டார்.

"கோகிலா, கொஞ்ச நாள் பொறுக்கணும்."

"எனக்கென்ன. எங்க அய்யாட்ட நீங்களே சொல்லிக்கிடுங்க."

சிரிக்காதீர்கள். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஒரு நாள் காலையில் உங்கள் வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் போனதை வைத்து, அவர் என்ன ரகம் என்று தெரு முழுக்க அறிவித்தது யார்? அன்றைக்கு அவருக்குப் பல்வலி.

கட்டுரை வெள்ளிக்கிழமை போகவில்லை. இறால் தொட்டியில் நலமாக இருக்கிறது. நேற்று ஓட்டைக் கழற்றியது. சின்னக் கொடுக்கு லேசாகப் பருத்திருக்கிறது.