புகாரில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பணிவான வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் எங்கள் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவியும் சுகம். வண்டிதான் சுகமாக இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தங்கள் கடிதமும், கார் கம்பெனிக்கு அனுப்பத் தாங்கள் எழுதி வைத்திருக்கும் புகாரும் வந்து சேர்ந்தன. நாம் இருவரும் ஒரே வாரத்தில், ஒரே ஷோரூமில், ஒரே மாடல் வண்டியை, தாங்கள் முத்து வெள்ளையிலும் நான் கரு நீலத்திலும் வாங்கினோம். அந்த உரிமையில் இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால் கம்பெனிக்காரர்கள் பயப்படுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 'ஈ உட்கார்ந்து எழுந்தால்கூடப் பெயின்ட் உரிகிறது' என்ற வரியை நான் மிகவும் ரசித்தேன். தங்கள் பம்பரில் விழுந்த பொட்டுகளின் புகைப்படங்களையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மனம் கனத்தது. ஆனாலும் நான் கையெழுத்துப் போடவில்லை. காரணத்தைச் சொல்லாமல் தாளைத் திருப்பி அனுப்பினால், பெண் கொடுத்த இடத்தில் மனஸ்தாபம் வந்துவிடும். எனவே நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நான் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது தங்களுக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்கப் பிறரைத் தூங்க வைத்தேன். ஊசி ஏறும்போது சிலர் கண் செருகிக்கொண்டே ஏதாவது சொல்வார்கள். "டாக்டர், மேலே தண்ணி ஓடுது" என்பார் ஒருவர். "யாரோ கதவைத் திறக்கறாங்க" என்பார் இன்னொருவர். சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். எனக்கு மட்டும் அந்தப் பக்கம் போகக் கொடுத்து வைக்கவில்லை, விழித்துக் காவல் இருப்பதே என் வேலை. இந்த நீல வண்டி வந்த பிறகுதான் அந்தச் சுகம் கிடைத்தது. கார் ஷெட்டில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், பானெட்டில் மேகம் போகும். மேலே வானத்தில் போவதைவிட இன்னும் மெதுவாக, இன்னும் ஆழமாகப் போகும். ஒரு பறவை பானெட்டின் இந்தக் கரையில் நுழைந்து, கதவு வழியாக நீந்தி, பின்பக்க விளக்கருகே மறையும். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். சாப்பிடக் கூப்பிட்டால் காது கேட்காது.

அந்த வானத்தில்தான் ஒரு காலையில் அந்த வெள்ளைப் புள்ளியைப் பார்த்தேன். பானெட்டின் நுனியில், கடுகளவுகூட இல்லை. தங்களுக்கு உடனே போன் செய்தேனே, ஞாபகம் இருக்கும். ஒரு வாளித் தண்ணீரில் துணியை நனைக்கவும் இன்னொரு வாளியில் அலசவும் சொன்னீர்கள். துணியை வட்டமாகத் தேய்க்காமல் நேராக இழுக்கவும் சொன்னீர்கள். எல்லாம் செய்தேன். டச்சப் பெயின்ட் வாங்கிப் பல் குச்சி நுனியால் வைத்தேன். வெள்ளைப் புள்ளி நீலப் பரு ஆயிற்று. சுரண்டினேன். பெரிய வெள்ளைப் புள்ளி ஆயிற்று, மேல் நுனியில் ஒரு வளைவும் வந்தது.

இனிமேல் சம்பந்தி முறைக்குத் தகுந்தபடி எழுதிக்கிட்டிருந்தா சொல்ல வந்தது வெளியே வராது. பேசற மாதிரியே எழுதிடறேன், மன்னிச்சுக்கணும்.

அந்தப் புள்ளிக்கு அப்புறம் வண்டியை வெளியே எடுக்கவே எனக்குக் கை வரலை. மழை வந்தா சேறு, வெயில் அடிச்சா மரத்துல இருந்து பிசின், ரெண்டும் இல்லேன்னா பறவை. வீட்டுல இவளுக்கு, என் மனைவிக்கு, நான் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். ஆறு கடல்ல போய்ச் சேர்ற முகத்துவாரத்தைக் காட்டறேன்னு. இவ பூகோள டீச்சரா இருந்தவ. வருஷா வருஷம் கரும்பலகையில அந்த இடத்தை வரைஞ்சிருக்கா. ஆறு விசிறி மாதிரி விரியறதை நீல சாக்பீஸாலயும், நடுவுல மணல் திட்டை மஞ்சளாலயும். நேர்ல பார்த்ததே இல்லை. எனக்கு எப்பவும் ஆஸ்பத்திரி அவசரம். ஓய்வு வந்ததும் போலாம், நல்ல வண்டி வந்ததும் போலாம்னு சொல்லிச் சொல்லி, ஓய்வும் வந்து, வண்டியும் வந்து, இப்போ "ரோடு போடட்டும்"னு சொல்ல ஆரம்பிச்சிருந்தேன்.  ஒரு நாள் அவ கார் கதவைத் திறக்க வந்தப்போ, கைப்பிடிக்குள்ள கீறல் விழும், மோதிரத்தைக் கழட்டிட்டுத் தொடும்மான்னு சொன்னேன். கல்யாணத்தன்னிக்கு நான் போட்டுவிட்ட மோதிரம், சம்பந்தி. விரலைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. "நான் நடந்தே போறேன்"னு கடைக்குப் போயிட்டா. அப்போகூட எனக்கு உறைக்கலை. கைப்பிடி தப்பிச்சதேன்னு இருந்தது.

போன ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன். இந்த மாடல் வச்சிருக்கிறவங்க எல்லாரும் ஒரு பெரிய கடைக்குப் பின்னால இருக்கிற காலி பார்க்கிங்ல காலையில கூடுவோம். வெள்ளை வண்டிக்காரங்க ஒரு பக்கம், நீல வண்டிக்காரங்க ஒரு பக்கம். யாரும் வண்டியை ஓட்டறதைப் பத்திப் பேச மாட்டாங்க. மெழுகு, ஷாம்பு, போர்வை இதுதான் பேச்சு. எங்க நீலக் கூட்டத்துல ஒருத்தரைக் 'கையுறை'ன்னு கூப்பிடுவோம். வெள்ளைக் கையுறை இல்லாம ஸ்டியரிங்கைத் தொட மாட்டார். ஞாயிறு கூட்டம் முடிஞ்சதும் நேரா வீட்டுக்குப் போய் வண்டிக்குப் பஞ்சுப் போர்வை போத்துவார், அப்புறம் அடுத்த கூட்டத்துக்குத்தான் எடுப்பார். பாக்கெட்ல சாவி இருந்தா குனியும்போது பெயின்ட்ல உரசிடும்னு அவர்தான் ஒரு தட்டு கொண்டு வருவார். எல்லாரும் சாவியை அதுல போட்டுட்டுத்தான் அடுத்தவங்க வண்டிகிட்டே போகணும். பெல்ட்டையும் கழட்டணும். பேன்ட்டை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில டார்ச்சோட, பெரிய மனுஷங்க எல்லாம் பம்பருக்கு முன்னாடி மண்டி போட்டிருக்கிற காட்சியை நீங்க பார்க்கணும்.

அன்னிக்கு இவளையும் கூட்டிட்டுப் போயிருந்தேன். "ஒரு டிரைவ் போலாமா"ன்னு கேட்டதும் நல்ல செருப்பு எல்லாம் போட்டுக்கிட்டுக் கிளம்பினா. பார்க்கிங்ல நிறுத்தினதும், "இங்கேயா?"ன்னு கேட்டா. "பத்தே நிமிஷம்"னேன். பக்கத்துலயே தன் வண்டியை நிறுத்தியிருந்த கையுறைக்காரர் என் புள்ளியைப் பூதக்கண்ணாடியில பார்த்து, "டாக்டர், இது கல் பட்டது இல்லை, மேல் நுனியில ஒரு வளைவு இருக்கு பாருங்க, நீங்களே கிண்டியிருக்கீங்க"ன்னு சொல்லிக்கிட்டிருந்தார். இவ எட்டிப் பார்க்க வந்தா. நான் திரும்பாமலே, "கொஞ்சம் தள்ளி நில்லு, கைப்பை ஜிப் பட்டுடப் போகுது"ன்னுட்டேன்.

அவ தள்ளி நின்னா. தட்டு வரைக்கும் தள்ளிப் போனா. ஒரு சாவியை எடுத்தா. பட்டனை அமுக்கினா. கீக்கின்னு சத்தம், விளக்கு சிமிட்டினது. டிரைவர் சீட்ல ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினா.

"ஏறுங்க."

"எங்கேம்மா?"

"முகத்துவாரத்துக்கு. வரலேன்னா நான் மட்டும் போறேன்."

"அந்த ரோடு முழுக்க ஜல்லி. நடு வழியில ரோடே கிடையாது."

"தெரியும். ரோடு எங்கே முடியுதுன்னு பசங்களுக்குப் பாடம் நடத்தினவ நான்."

எத்தனை வருஷம் அந்தப் பழைய சின்னக் காரை ஸ்கூலுக்கு ஓட்டினவ, அவளுக்கு ஓட்டத் தெரியாதுன்னு சொல்ல முடியாது. பேன்ட்டைப் பிடிச்சுக்கிட்டே ஓடி ஏறினேன். பெல்ட்டு அங்கேயே கிடந்தது. என் வண்டியில பக்கத்து சீட்ல நான் உட்கார்ந்ததே அன்னிக்குத்தான். எல்லாம் வேற மாதிரி தெரிஞ்சுது.

நெடுஞ்சாலை ஏறினதும் முன்னால ஒரு ஜல்லி லாரி. தார்ப்பாய் கூட மூடாம, ஒவ்வொரு குலுங்கலுக்கும் ஒரு பிடி ஜல்லியை எங்க மேல தூவிக்கிட்டே போறான். டிக், டிக், டக்குன்னு கேட்குது. ஒவ்வொண்ணும் என் நெத்தியில விழற மாதிரி இருக்கு. "பின்னாடி போகாதே!"ன்னு அலறினேன். "அப்போ முன்னாடி போறேன்"னு வேகத்தைக் கூட்டி லாரியை ஒட்டியே தாண்டினா. தாண்டும்போது இன்னும் கொஞ்சம் கொட்டிச்சு. நான் கண்ணை மூடிக்கிட்டேன். வேற வழி தெரியாம, நோயாளிகளை எண்ணச் சொல்ற மாதிரி நானே தலைகீழா எண்ண ஆரம்பிச்சேன். எங்கே விட்டேன்னு ஞாபகம் இல்லை.

கண்ணைத் திறந்தப்போ தார் ரோடு போயிடுச்சு. வெள்ளை மூட்டம். ரெண்டு பக்கமும் நாணல். வண்டி மண் தடத்துல ஒரு படகு மாதிரி ஏறி இறங்கி ஆடிக்கிட்டுப் போகுது. கூழாங்கல் அடியில உரசற சத்தம், முதல்ல பல் கூசற மாதிரி இருந்தது, அப்புறம் யாரோ தூரத்துல பாத்திரம் கழுவற மாதிரி ஆயிடுச்சு, அப்புறம் மழை மாதிரி. இவ மெல்ல ஏதோ முணுமுணுத்துக்கிட்டே ஓட்டறா. நான் சீட்டை இறுக்கிப் பிடிச்சிருந்த கையை எடுத்தேன். மூட்டத்துக்குள்ள ஒரு மாடு நின்னுச்சு. எங்களைப் பார்த்தது. நாங்க அதைத் தாண்டினதும் அது கரைஞ்சு போச்சு. சம்பந்தி, ஊசி ஏறும்போது சிரிச்சவங்க எல்லாம் எதைப் பார்த்துச் சிரிச்சாங்கன்னு அந்த நிமிஷம் எனக்குப் புரிஞ்ச மாதிரி இருந்தது. விளக்கிச் சொல்லத் தெரியலை.

அப்புறம் தடம் முடிஞ்சது. மூட்டம் விலகிச்சு. ஆறு அங்கேதான் இருந்தது, பழுப்பா, அகலமா, ஒரு அவசரமும் இல்லாம. அதுக்கு அந்தப் பக்கம் கடல் பச்சையா. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு. அந்தக் கோடு நிக்காம நெளிஞ்சுக்கிட்டே இருந்தது. இவ செருப்பைக் கழட்டிட்டு இறங்கினா. "இது வண்டல். அது திட்டு. இந்தப் பக்கம்தான் வேகம் குறையும்"னு கை நீட்டிக் காட்டிக்கிட்டே வந்தவ, பாதியில நிறுத்திட்டா. "நான் சின்னதா வரைஞ்சிட்டேன்"னா. "எல்லாப் பசங்களுக்கும் ரொம்பச் சின்னதா வரைஞ்சு காட்டிட்டேன்." கண்ணு கலங்கியிருந்தது, ஆனா சிரிச்சா. ஈரக் கையை அப்படியே பானெட்டு மேல ஊனிக்கிட்டு நின்னா, மோதிரக் கையை. உப்புத் தண்ணி வழிஞ்சுது.  துணி எடுத்துத் துடைக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. அப்புறம் சீட்டைச் சாய்ச்சு, கதவெல்லாம் திறந்து போட்டு, ரெண்டு பேரும் தூங்கினோம். யாரும் காவல் இல்லாம நான் பகல்ல தூங்கினது எப்போன்னு யோசிச்சுக்கிட்டே தூங்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து வெளிச்சத்துல பார்த்தேன். பானெட்டு முழுக்க வெள்ளைப் பொட்டு. பம்பரைச் சொல்லவே வேண்டாம். என் பழைய புள்ளியைத் தேடினேன், அந்தக் கூட்டத்துல எது அதுன்னு கண்டுபிடிக்க முடியலை. வாளியை எடுக்கக் கை ஓடும்னு காத்திருந்தேன். ஓடலை. கருநீலத்துல வெள்ளைப் பொட்டு, சம்பந்தி. மேகம் மட்டும் போயிட்டிருந்த இடத்துல இப்போ நட்சத்திரமும் வந்திருக்குன்னு நினைச்சுக்கிட்டேன். இந்த வாரம் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்தலை. சேறு சேறாவே இருக்கு. இவளோட அஞ்சு விரலும் பானெட்டு மேல உப்பாப் படிஞ்சு கிடக்கு. தினமும் போய் அதைத்தான் பார்க்கிறேன்.

ஆகவே, பெயின்ட் மெல்லிசுன்னு கம்பெனிமேல புகார் எழுத எனக்கு மனசு வரலை. தாளைக் கையெழுத்தில்லாமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். தாங்கள் தவறாக எண்ணக் கூடாது. முடிந்தால் சம்பந்தியம்மாவை எங்காவது ரோடு மோசமான இடத்துக்கு அழைத்துப் போங்கள். எங்கள் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள். அவர்கள் போகும் பாதையில் கல் இருந்தாலும் முன் கண்ணாடியில் மட்டும் படாமல் இருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள சம்பந்தி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது போன் வந்தது. கையுறைக்காரர். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்காக இப்போதுதான் போர்வையை எடுத்தாராம். குரலே இல்லை. "டாக்டர், எனக்கும் வந்துடுச்சு"ங்கிறார். என்ன வந்துடுச்சுன்னேன். "புள்ளி. உங்க வண்டியில பார்த்தேனே, அதே இடம், அதே அளவு, மேல் நுனியில அதே வளைவு. வாரம் பூரா போர்வைக்குள்ள இருந்த வண்டிக்கு எப்படி டாக்டர்? இது தொத்துமா? ஏதோ ஒண்ணோட போச்சேன்னு மனசைத் தேத்திக்கிட்டிருக்கேன்"ங்கிறார். போனைப் பிடிச்சுக்கிட்டே கீழே போய், பின்னால நம்பர் பிளேட்ல இருந்த சேத்தைக் கைக்குட்டையால துடைச்சேன். சம்பந்தி, அது எங்க நம்பர் இல்லை. ரெண்டு சாவியும் ஒரே மாதிரி, ரெண்டு வண்டியும் ஒரே மாதிரி, பக்கத்துல பக்கத்துலதான் நின்னுச்சு, பதறி ஓடினதுல எதுல ஏறினேன்னு நான் பார்க்கலை. கூட்டத்துல எல்லாரும் பெயின்ட்டைப் பார்க்கறோமே தவிர நம்பரை யார் பார்க்கிறா? நாங்க பாட்டுக்குப் போனதும் அவர் மத்தவங்க வண்டியைப் பார்க்கப் போயிட்டு, கடைசியில மிச்சமிருந்த சாவியை எடுத்து, எங்க வண்டியைப் பத்திரமா ஓட்டிக்கிட்டுப் போய்ப் போத்தித் தூங்க வெச்சிருக்கார். "ஒண்ணும் செய்யாதீங்க, உட்கார்ந்திருங்க, நேர்ல வர்றேன்"னு வெச்சுட்டேன்.

இவகிட்டே சொன்னேன். சிரிச்சுச் சிரிச்சுப் படியிலேயே உட்கார்ந்துட்டா. அப்புறம் திடீர்னு நிறுத்தி, "அப்போ நம்ம வண்டி இன்னும் கடலையே பார்க்கலையா?"ன்னு கேட்டா. கையுறைக்காரரையும் அவர் வீட்டம்மாவையும் கூட்டிக்கிட்டு, ரெண்டு வண்டியையும் எடுத்துக்கிட்டு இன்னிக்கே முகத்துவாரத்துக்குப் போய், அங்கே தண்ணி பக்கத்துல வெச்சு விஷயத்தைச் சொல்லிடலாமாம். வலி தெரியாம சொல்றது என் பொறுப்பாம்.

மேலே நான் எழுதியிருக்கிற நிம்மதி எல்லாம் அடுத்தவர் பெயின்ட்மேல கிடைச்ச நிம்மதி. சொந்தப் பெயின்ட்மேலயும் அது நிக்குமான்னு தெரியலை. அதனால புகாரைக் கிழிச்சுடாதீங்க, கீழே இன்னொரு கையெழுத்துக்கும் இடம் விட்டு வைங்க. அவ ஹாரன் அடிக்கிறா. அந்தச் சத்தம்கூட எங்க வண்டிது மாதிரியேதான் இருக்கு.