ஏழரை சீரியலும் எங்கள் மைக் செட்டும்

உத்திரமேரூர் என்ன, செங்கல்பட்டிலிருந்து வந்தவாசி வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், சொந்தக் கோபத்தை ஆம்ப்ளிஃபயரில் செருகி ஊருக்கே விநியோகம் செய்த மனிதர் எங்கள் மைக் செட் ஒருவர்தான். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் முகம் சிவக்கும். அவருக்கு வந்தால் வேப்பமரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர் கரகரக்கும்.

அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம். கல்யாணம், கூழ் ஊத்துவது, கட்சிக் கூட்டம், சாவு எதுவானாலும் மைக்கும் செட்டும் அவருடையது என்பதால் எங்களுக்கு அவர் மைக் செட். அவர் சம்சாரமே கடைத்தெருவில், "எங்க வூட்டு மைக்க பாத்தீங்களா?" என்றுதான் விசாரிப்பார்.

ழகரத்தோடு அவர் நாக்குக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. மழை அவருக்கு மயை. வாழைப்பழம் வாயப்பயம். "வியாக் குயுவினர் மேடைக்கு வரவும்" என்று அவர் அழைத்தால் விழாக் குழுவினர் ஓடி வருவார்கள். அதில் யாருக்கும் எந்தக் குறையும் தெரிந்ததில்லை. நாங்களும் அப்படித்தான் பேசுவோம்.

அந்த நாளில் டிவியில் ஏழரை மணிக்கு ஒரு கொலை சீரியல் வந்துகொண்டிருந்தது. டிவிக்காரர்கள் வைத்த பேர் என்னவோ நீளமாக இருந்தது. ஊரில் எல்லாரும் அதை 'ஏழரை' என்றே சொன்னோம். "உன் வூட்ல ஏயர ஓடுதா?" "ஏயர முடிஞ்சாத்தான் சோறு." வெளியூர்க்காரர் யாராவது இதைக் கேட்டிருந்தால், ஊரோடு சனி பிடித்திருக்கிறது என்று அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பியிருப்பார்.

கதை இதுதான். ஒரு மில் முதலாளி அம்மாளுக்குப் பாலில் விஷம் கலந்து கொன்றுவிட்டார்கள். யார் கொன்றது? மூத்த மருமகளா, குடிகார மகனா, குடும்ப வக்கீலா என்று வாரத்துக்கு ஒருத்தர் மேல் சந்தேகம் மாறும். சந்தேகமே விழாத ஒரே ஆள் கம்பவுண்டர் மகிழன். சைக்கிளில் வருவான். தெருநாய்க்குப் பிஸ்கட் போடுவான். யாருக்காவது ஊசி போட்டால் போட்டுக்கொண்டவரைவிட இவன் கண்தான் முதலில் கலங்கும்.

மைக் செட்டுக்கு மகிழன் என்றால் உயிர். "ஆம்பளன்னா அவன மாரி இருக்கணும்யா. யார்கிட்டயாவது அதட்டிப் பேசறானா பாரு!" என்று டீக்கடையையே அதட்டுவார்.

அவர் மகள் தேவியைப் பழையசீவரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். தேவிக்கு ஆண் குழந்தை பிறந்தது. சம்பந்தி தன் குலதெய்வத்தின் பேரைத்தான் வைக்க நினைத்தார். மைக் செட் விடாமல் மல்லுக்கட்டி, 'மகிழன்' என்ற பேருக்குச் சம்மதம் வாங்கிவிட்டார். எங்கள் தெரு அம்மனுக்கு வேண்டுதல் இருந்ததால் ஆடியில் இங்கேயே காது குத்து, அன்றைக்கே பேரும் அறிவிப்பது என்று ஏற்பாடு. தேவி குழந்தையோடு முன்கூட்டியே அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

காது குத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஏழரையில் கொலைகாரனைக் காட்டினார்கள். கம்பவுண்டர் மகிழன்! சைக்கிள் கேரியரிலிருந்து விஷ பாட்டிலை எடுத்து, நாய்க்குப் பிஸ்கட் போட்டுக்கொண்டே சிரித்தான்.

எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மாசக்கணக்கில் ஒருத்தனை உத்தமன் என்று காட்டி, அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது எங்களை அழவைத்து, ஷாம்பு விளம்பரத்துக்கும் சோப்பு விளம்பரத்துக்கும் நடுவில் தவம் கிடக்கவைத்து, கடைசியில் அவன்தான் என்றால் இது என்ன நியாயம்? ஒரு காட்சியிலாவது அவன் கண்ணைச் சுருக்கினானா? அவன் பால் டம்ளரைத் தொட்டபோது பின்னால் ஒரு 'டொய்ங்' சத்தமாவது போட்டார்களா? மருமகள் சும்மா கதவைத் திறந்தாலே மூன்று தரம் முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினவர்கள், இவனுக்கு ஒரு தரம் காட்டக் கூடாதா?

ஊரே கொதித்தது. "எங்க வூட்ல உலையே வெக்கல" என்றார் ஒருவர். கேபிள்காரரின் சட்டையைப் பிடிக்காத குறையாக ஓர் அம்மாள் நிறுத்தி, "மாசா மாசம் வந்து வாங்கிக்கினு போறியே, நீயாவது ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். இத்தனைக்கும் நடுவில், "நான் அப்பவே நெனச்சேன்" என்று சொல்லிக்கொண்டு ஒரு கூட்டம் கிளம்பியது பாருங்கள், கொலைகாரனையாவது மன்னித்துவிடலாம், இவர்களை முடியாது.

மறுநாள் காலை அம்மன் கோயில் ஸ்பீக்கர் கரகரத்தது.

"அலோ... அலோ... மைக் டெஸ்டிங். அன்பார்ந்த ஊர்ப் பொதுமக்களே! நேத்து ஏயர மணிக்கு காட்டுனது உண்ம கெடையாது. மகியன் கொல பண்ணல. கத எயுதுனவன் பொய் சொல்லிக்கினு கீறான். யாரும் நம்பவேணாம்னு கேட்டுக்கொள்கிறோம். கூய் பதினோரு மணிக்கு ஊத்தப்படும்."

கூழ் குடிக்க வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அதை ஆமோதித்தார்கள். ஆனால் பழையசீவரத்திலும் டிவி இருக்கிறது. சாயங்காலத்துக்குள் சம்பந்தி பைக்கில் வந்து இறங்கிவிட்டார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னா சம்மந்தி, கொலகாரன் பேர வெக்கறதுக்கா எங்க சாமி பேர வேணாம்னீங்க?"

"அவன் கொலகாரன் இல்ல சம்மந்தி!"

"டிவிலயே காட்டிட்டான்!"

"காட்டுனா? நாளிக்கு உங்களக் காட்டுவான், ஒத்துக்குவீங்களா?"

"நான் எதுக்கு பால்ல வெஷம் கலக்கப் போறேன்?"

"அத்தத்தான் நானும் கேக்கறேன், அவன் எதுக்குக் கலக்கப் போறான்?"

சம்பந்திக்குக் கோபம் இரட்டிப்பாக வந்தது. "அந்தப் பேருதான்னா எங்க பக்கத்துலருந்து ஒருத்தரும் வரமாட்டோம். மருமவளும் இப்பவே கெளம்பட்டும். பையனுக்குக் காது குத்த எங்களுக்குத் தெரியும். அப்புறம் உங்க வூட்டுப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டோம்!"

தேவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். கண் நிறைந்திருந்தது. "நைனா, டிவில கீறவன் இன்னிக்கு வருவான், நாளிக்குப் போவான். எனுக்கு நீயும் வோணும், அந்த வூடும் வோணும். ரெண்டுத்துல ஒண்ணு எடுன்னு உடாத நைனா."

மைக் செட் தவித்துப்போய்விட்டார். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, "பேர மாத்துனா, அவன்தான் கொன்னான்னு நானே சாட்சி சொன்ன மாரி ஆவாதா? ஒரு நல்லவன இப்டி அம்போன்னு உடறதா?" என்றார். மகிழன் நல்லவன் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. தேவி அழுவதும் கண்ணுக்கு எதிரே தெரிந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் பிளெக்ஸ் கடைக்காரர் சுருட்டிய பேனரோடு வந்தார். விரித்தார். ரோஜாப்பூ வளையத்துக்குள் குழந்தை, இரண்டு பக்கமும் கறுப்புக் கண்ணாடி போட்ட தாய்மாமன்கள், மேலே கொட்டை எழுத்தில்: 'செல்வன் மகியன் காதணி விழா.'

மைக் செட் இருந்த கோபத்தையெல்லாம் அவர்மேல் திருப்பினார். "இன்னாய்யா இது? நான் இன்னா பேரு சொன்னேன்?"

"மகியன்னு சொன்னீங்கண்ணே."

"ஆமா, மகியன்னு சொன்னேன். நீ இன்னா போட்டுக்கீற?"

"மகியன்னுதாண்ணே போட்டுக்கீறேன்."

"அத்தத்தான்யா கேக்கறேன்! மகியன்னு சொன்னா மகியன்னு போடாம, மகியன்னு போட்டு வெச்சிருக்கியே, படிச்சவனா நீ?"

பிளெக்ஸ்காரர் என் முகத்தைப் பரிதாபமாகப் பார்த்தார். போனில் பேர் சொன்னபோது காதில் விழுந்ததை விழுந்தபடியே அச்சடித்த மனிதர் அவர். இதில் எந்த இடத்தில் தப்பு என்று அவருக்கு விளங்கவில்லை. சுற்றி நின்ற எங்களுக்கும் கேட்கக் கேட்க விளங்கவில்லை.

விளங்கியது தேவிக்குத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். "மாமா, இங்க வந்து பாருங்க" என்று மாமனாரைக் கூப்பிட்டாள். "டிவில கீறவன் பேருக்கு நடுவுல பெரிய ழ வரும், அந்த வாலு வெச்ச ழ. இதுல அது எங்க கீது?"

சம்பந்தி ஹெல்மெட்டைக் கழற்றினார். எழுத்தின்மேல் விரலை வைத்துத் தேடினார். பேனரின் பின்பக்கத்தைக்கூட ஒருமுறை புரட்டிப் பார்த்தார்.

"இல்லியே."

"அப்ப இது வேற பேருதான மாமா?"

"மகியன்னா இன்னா அர்த்தம்?" என்றார் சம்பந்தி, கொஞ்சம் விறைப்பாகவே.

மைக் செட்தான் நெஞ்சை நிமிர்த்தினார். "நம்ம பேரன்னு அர்த்தம்."

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? பெட்ரோலப் போட்டுக்கினு ஓடியாந்தேன்" என்று சம்பந்தி பைக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "காலைலருந்து நாஷ்டாகூடத் துன்னல. வூட்ல எதுனா கீதா?" தேவி உள்ளே ஓடினாள்.

காது குத்து அன்றைக்குப் பழையசீவரத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். மைக் செட் மைக்கைப் பிடித்து, "செல்வன் மகியன்" என்று பேரை அறிவித்தார். அறிவித்த கையோடு, "டிவில கீற மகியன் வேற. அவனும் நிரபராதிதான், அது தனி விசயம்" என்று கூடவே ஒரு கண்டனமும் தெரிவித்துக்கொண்டார். சம்பந்தி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து ஊசியை எடுத்தார்கள். முதல் காதில் குத்தியதும் அது வீறிட்டது. கையில் மைக் ஓடிக்கொண்டிருப்பதை மறந்து தாத்தா பக்கத்தில் மண்டியிட்டார். "அயாத நைனா, அயாத. தோ... ஆயிடிச்சி பாரு. தாத்தாதான் வெக்கச் சொன்னேன், தாத்தாவ அடி, தாத்தாவ அடி..." அவர் விசும்புவது ஏரிக்கரை வரைக்கும் கேட்டது.

மைக்கை அணைக்கலாம் என்று சம்பந்திதான் எழுந்தார். ஆம்ப்ளிஃபயர் வரைக்கும் போனார். சுவிட்சில் வைத்த கையை எடுத்துவிட்டு, அணைக்காமலே திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.