ஒப்படைக்கும் தேதி

அன்புள்ள அண்ணனுக்கு, தம்பி கும்பிட்டு எழுதிக்கொள்வது.

இங்கே நான், என் மனைவி, நம் தச்சர் எல்லோரும் நலம். தெருவில் உள்ளவர்களும் நலம். இந்த மாதம் ஊரே நலமாக இருப்பதால் கடைப்படி ஏற ஆளில்லை. சவப்பெட்டி செய்து பிழைக்கிறவன் 'அனைவரும் நலம்' என்று எழுதினால் வியாபாரம் படுத்துவிட்டது என்று அர்த்தம். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பதிலுக்கு உங்கள் நலத்தை விசாரிப்பதுதான் முறை. ஆனால் போனமுறை விசாரித்தபோது, "என்னடா, அளவெடுக்கிறியா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். ஆகவே அந்தப் பொறுப்பை என் மனைவியிடம் விட்டுவிட்டேன். அவள் உங்கள் மகளிடம் கேட்டுக்கொள்வாள்.

தேர்வு முடிவைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மூச்சு வாங்குகிறது என்று நீங்கள் மகள் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று வண்டியில் உட்கார்ந்துகொண்டு சொன்னது என் காதை விட்டுப் போகவில்லை. "கல்லாவுல இருக்கிறதை எண்ணுறதுக்குப் பேரு கணக்கு இல்லடா. எந்தப் பெட்டியில லாபம், எதுல கையைக் கடிக்குதுன்னு உனக்குச் சொல்லத் தெரியுமா? ஆன்லைன்ல ஒரு காலேஜ்ல மேலாண்மைக் கணக்கியல் சொல்லித் தர்றாங்க. பணம் கட்டிட்டேன். பாஸ் பண்ணினா கடை உனக்கு. பெயிலானா எதிர்க்கடைக்காரருக்கு வித்துடுவேன்." அப்பா காலத்திலிருந்து நடக்கிற கடை. அதை விற்றால் எனக்கும் தச்சருக்கும் போக்கிடம் இல்லை. எதிர்க்கடைக்காரர் பெட்டிகளை மொத்தமாகத் தொழிற்சாலையிலிருந்து இறக்குகிறவர். அவருக்கு உளியும் வேண்டாம், உளி பிடிக்கத் தெரிந்தவனும் வேண்டாம். எனவே ஐம்பத்தெட்டாவது வயதில், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தேன்.

வீட்டில் சிக்னல் கிடைக்காததால் கடையில் உட்கார்ந்துதான் படித்தேன், முதல் வினை அங்கேதான் ஆரம்பித்தது. மதியம் சாப்பிட்டதும் நம் தச்சர் புதிதாகச் செய்த பெட்டி ஒன்றுக்குள் படுத்து அரைமணி நேரம் கண்ணயர்வது நீங்கள் இருந்தபோதே உள்ள பழக்கம். வேலையில் பழுது இருந்தால் முதுகுக்குத் தெரிந்துவிடும் என்பார், நாமும் அதைத் தரப் பரிசோதனை என்று விட்டுவிட்டோம். அன்று பாடம், பயன்படாமல் கிடக்கும் உற்பத்தித் திறன் பற்றியது. ஆசிரியை நல்ல பெண், பாவம், இளவயசு. "சார், உங்க கடையில சும்மா கிடக்கிறது ஏதாவது இருக்கா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் முதுகுக்குப் பின்னால் தச்சர் பெட்டிக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்து, கொட்டாவி விட்டு, "டீ வந்துடுச்சா?" என்று கேட்டார். திரையில் இருந்த அத்தனை முகங்களும் ஒரே நேரத்தில் வாயைப் பிளந்தன. ஆசிரியையின் முகம் இருந்த கட்டம் கறுப்பாகிவிட்டது. மறுநாள் உடல்நலக் குறைவால் வகுப்பு இல்லை என்று அறிவிப்பு வந்தது. அதற்கடுத்த வகுப்பில், எல்லோரும் தங்கள் முதுகுக்குப் பின்னால் சுவர் மட்டும் தெரியும்படி உட்கார வேண்டும் என்று ஒரு விதி புதிதாகச் சேர்ந்தது. அது யாருக்காகப் போடப்பட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அது போகட்டும் என்றால் அடுத்தது தெருவோடு வந்தது. மாதத்துக்கு எத்தனை விற்றால் லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் தப்பிக்கலாம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லித் தந்தார்கள். வாடகை, மின்கட்டணம், தச்சர் சம்பளம் இவையெல்லாம் ஒருவரும் சாகாவிட்டாலும் ஆகிற செலவு. மரம், துணி, கைப்பிடி இவை ஆள் விழுந்தால் மட்டும் ஆகிற செலவு. இரண்டையும் பிரித்துப் போட வேண்டும். என்னோடு சேர்ந்து படித்தவர் ரொட்டிக்கடை நடத்துகிற ஓர் அம்மா. அவருக்கு எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "மாசத்துக்கு எத்தனை பேர் போனா உங்களுக்குக் கட்டுப்படி ஆகும் சார்?" என்றார். எனக்குக் காது மந்தம், ஒலிபெருக்கியை உச்சத்தில் வைத்திருந்தேன், கடைக்கதவும் திறந்து கிடந்தது. "ஏழு பேர் போனா கையைக் கடிக்காதும்மா. எட்டாவது ஆள்லேருந்துதான் நமக்குன்னு நாலு காசு நிக்கும்" என்றேன். ஆசிரியை மகிழ்ந்துபோய், "அருமை சார்! அடுத்த மூணு மாசத்துல அதைப் பத்து சதவீதம் கூட்டணும்னு இலக்கு வைங்க. முயற்சி பண்ணினா முடியும்!" என்றார். திரும்பிப் பார்த்தால் வாசலில் எதிர்வீட்டுத் தையல்காரர், பக்கத்து மருந்துக்கடைக்காரர், பால் வாங்கப் போனவர்கள் எல்லோரும் நிற்கிறார்கள். தையல்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "எட்டாவது ஆள் யாருன்னு முடிவு பண்ணிட்டீங்களா, இல்ல இனிமேதானா?" என்றார். "அண்ணே, அது வெறும் கணக்கு" என்றேன். "கணக்கா? எங்க மாமனார் மூணு வாரமா படுத்த படுக்கையா கிடக்கிறாரு. அவரை உங்க பத்து சதவீதத்துல சேர்த்துடாதீங்க, சொல்லிட்டேன்" என்றார். அன்றிலிருந்து தெருவில் யாரும் என் எதிரே இருமுவதில்லை. மருந்துக்கடைக்காரர் மட்டும் ரகசியமாக வந்து, தன் கடைக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டா என்று கேட்டுவிட்டுப் போனார்.

நடுவில் ஒரு தேர்வு, கணினியே கேட்டுக் கணினியே திருத்துவது. ஒருமுறை வாங்கியவர்கள் மறுபடியும் உங்களிடம் வருகிறார்களா என்று ஒரு கேள்வி. இதுவரை ஒருவரும் வந்ததில்லை என்று உண்மையை எழுதினேன். வாடிக்கையாளர் திருப்தி மிகவும் மோசம், உடனே கவனிக்கவும் என்று சிவப்பில் வந்தது. குறை சொல்லியும் ஒருவரும் வந்ததில்லை என்பதை எழுத அதில் இடம் இல்லை.

இதையெல்லாம் தாண்டினேன் அண்ணா. கடைசியில் என்னைக் கவிழ்த்தது உங்கள் ஆர்டர்தான். இறுதித் தேர்வுக்கு, சொந்தத் தொழிலில் வழக்கத்துக்கு மாறான ஓர் ஆர்டரை எடுத்து, குறைந்த விலைக்கு அதை ஏற்கலாமா கூடாதா என்று கணக்கிட்டுக் காட்ட வேண்டும். அந்த வாரம்தான் நீங்கள் போன் செய்தீர்கள். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது, ஆனாலும் பேரம் பேசினீர்கள். "எனக்கு நம்ம கடைப் பெட்டிதான். தள்ளுபடின்னு பிச்சை போடாதே. ஆனா முழு விலையும் தர மாட்டேன். இப்பவே செஞ்சு வெச்சுடு. அப்புறம்னா அவசரத்துல மட்ட மரத்தைப் போட்டு ஒப்பேத்திடுவே." உங்கள் உயரத்துக்கு நீளப் பலகை வேண்டும், நீங்கள் கேட்டது முதல்தர மரம், சொன்னது அடிமாட்டு விலை. இதைவிட வழக்கத்துக்கு மாறான ஆர்டர் இந்தத் தொழிலில் யாருக்கும் வந்திருக்காது. அதையே எடுத்துக்கொண்டேன். மரம், கூலி, துணி எல்லாம் கணினிப் படிவத்தில் சரியாக இறங்கின. கடைசிக் கட்டம், ஒப்படைக்கும் தேதி. செய்த பெட்டி அதுவரை கடையில் இருக்கிற நாட்களுக்கு இடச்செலவைக் கணினி தானாகவே போட்டுக்கொள்ளுமாம்.

நான் கையை எடுத்துவிட்டேன். டாக்டர் எந்த மாதத்தைச் சொன்னார் என்று உங்கள் மகள் அழுதுகொண்டே எனக்குச் சொன்னாள். உங்களுக்கும் தெரியும் என்றாள். ஆனால் அதை என் விரலால் தட்டி, சரி என்கிற பொத்தானை அழுத்த என்னால் ஆகவில்லை. வெறுமனே விட்டு அனுப்பினேன், தேதி இல்லாமல் ஏற்க இயலாது என்றது. 'தெரியாது' என்று அடித்தேன், எண்களை மட்டும் இடவும் என்றது. "அது கேட்கிறதைக் குடுத்துட்டுப் போங்களேன், கடை போயிடுமே" என்றார் தச்சர். "உங்க அண்ணனா இருந்தா குடுப்பீங்களா?" என்றேன். அவர் உளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நேரம் முடிந்தது, திரை மூடிக்கொண்டது. அரைக் கணக்குக்கு மதிப்பெண் கிடையாது. பெயில்.

ஆகவே சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. எதிர்க்கடைக்காரருக்கு ஆள் அனுப்பிப் பத்திரத்தை எழுதச் சொல்லுங்கள். தச்சருக்கு மட்டும் ஏதாவது பார்த்துச் செய்யுங்கள். உங்கள் பெட்டியை எப்படியும் நானே என் கையால் முடித்துத் தருவேன், விலை நீங்கள் சொன்னதுதான். உங்கள் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு. பேத்திக்கு ஆசிகள். உங்கள் காலைத் தொட்டு வணங்கி நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள் சொல்லைத் தட்டாத,
தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதுவும் இப்போது செல்லாது. நேற்று உறையை ஒட்டப்போகும்போது ஆசிரியை போன் செய்தார். "ஒரு தேதி இல்லாததால மொத்த மார்க்கும் போகுது சார், எனக்கே மனசு கேக்கல. இன்னிக்கு ஒருநாள் திறந்து விடுறேன். ஏதாவது ஒரு தேதி போடுங்க" என்றார். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். என் மனைவிதான், "ஏதாவதுன்னுதானே சொல்றாங்க? நல்லா தள்ளிப் போடுங்களேன், யாரு வந்து கேக்கப் போறாங்க?" என்றாள். உங்களுக்கு நூற்று நான்கு வயது ஆகிற வருடத்தைப் போட்டேன். கணினி மறுபேச்சு பேசவில்லை. அத்தனை வருடத்துக்கும் இடச்செலவைக் கூட்டி, நட்டம் என்று சிவப்பில் காட்டியது. 'இந்த ஆர்டரை ஏற்கக் கூடாது' என்று முடிவு எழுதி அனுப்பினேன். மிகச் சரியான முடிவு என்று ஆசிரியை குறிப்பு எழுதியிருக்கிறார். பாஸ். எனவே கடை எனக்கு. அதன் உரிமையாளன் என்கிற முறையில் தெரிவித்துக்கொள்கிறேன்: தங்கள் ஆர்டரை இந்தக் கடை ஏற்பதற்கில்லை. உங்களுக்காக வாங்கி வைத்திருந்த அந்த நீளப் பலகையை இன்று காலையே அறுத்து, கடையில் ஒரு பெஞ்சு போடச் சொல்லிவிட்டேன். வேண்டுமானால் எதிர்க்கடையில் கேட்டுப் பாருங்கள் அண்ணா. அவரும் முறையாகக் கணக்குப் படித்தவராக இருந்தால், உங்களுக்கு முடியாது என்றுதான் சொல்வார்.