ஆறாம் நம்பர் கட்டில்

1987-இல் குமணன்சாவடியில் தியேட்டரைவிட அதிகக் கூட்டம் வடிவு நர்சிங் ஹோமின் ஆறாம் நம்பர் கட்டிலுக்குத்தான். அதில் படுத்தவர்களுக்கெல்லாம் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்தது. ஆகவே கட்டிலில் பேய் இருந்தது. ஓட்டுவதற்குக் கஜபதி சாமியார் இருந்தார். எல்லாம் வசதிதான், புண் ஆறாததைத் தவிர.

கட்டில் கம்பியெங்கும் விபூதியும் குங்குமமும் அப்பி, சாமியார் ஒரே கட்டளை போட்டிருந்தார்: துடைக்கக் கூடாது, காப்புக் கலைந்துவிடும். வார்டு ஆயா எல்லம்மா வாளியோடு வந்தால் சொந்தக்காரர்களே விரட்டினார்கள். புண் ஆறவில்லையா? இன்னொரு காப்பு, இன்னொரு தட்சணை.

எத்திராஜின் மனைவி பத்மாவுக்கு அன்று சிசேரியன். காலியாக இருந்தவை ஆறும் ஏழும். ஏழு ஒரு வெள்ளானூர்க்காரிக்குப் பேசியாயிற்று; பத்மாவுக்கு ஆறுதான். எத்திராஜ் ஆவடித் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். வெள்ளைத் துணியால் துடைத்து, ஒரு தூசி ஒட்டினாலும் பாகத்தைத் திருப்பியனுப்புவான். ஷிப்ட் முடிந்ததும் அந்த மூளையை லாக்கரில் பூட்டிவிட்டு வருவான்.

காலையில் கஜபதி வந்தார். ஆறாம் நம்பர் தகட்டைப் பார்த்ததும் உடம்பு உதறியது.

"கீது! குந்திகினு கீது! வயித்துப் புள்ளயத்தான் பாக்குது!"

பத்மா அழுதாள். எத்திராஜ் விழுந்து கும்பிட்டான். பேயோடு போராடிய களைப்பில் கஜபதி பக்கத்துக் கட்டிலில் சாய்ந்து கோலி சோடா கேட்டார்.

"இன்னா சாமி, சொகமா கீதா?" என்றாள் எல்லம்மா.

"இங்க தோஷமே இல்லம்மா. குளுகுளுன்னு கீது."

"அதான் ஆறு. விடியக்காலம் தகட்டையும் விபூதியையும் ஏழுக்கு மாத்திட்டேன்."

கஜபதி எழுந்த வேகத்தில் சோடா கொட்டியது. "பேய்... தகட்டோடயே எடம் மாறும்!"

"அப்ப தகட்டக் கழட்டி உன் ஊட்ல மாட்டிக்க!"

கூட்டம் சிரித்தது. எல்லம்மா எத்திராஜிடம் திரும்பினாள். "நைனா, ஃபேக்டரில துணி வெச்சிப் பாப்பியாமே? நெஜ ஆறோட கம்பிக்கு அடியில ஒருவாட்டி உடு. அங்க மட்டும் நான் தொடல."

எத்திராஜ் கைக்குட்டையை ஓட்டினான். காய்ந்த ரத்தமும் சீழும் பழுப்பாக ஒட்டி வந்தன.

"இத்தத் தொட்ட கையாலதான புண்ணையும் தொடுறீங்க? இதான் உங்க பேய்."

கஜபதியைத் தேடினார்கள். சோடா பாட்டில் மட்டும் இருந்தது. எத்திராஜ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாளியைத் தூக்கினான்.

"மொதல்ல சோப்புத் தண்ணி, அப்பால லைசால்" என்று அதட்டினாள் எல்லம்மா.

அதே ஆறில் படுத்த பத்மா, பத்தாம் நாள் தையல் காய்ந்து மகளோடு வீடு போனாள். இப்போதெல்லாம் ஷிப்ட் முடிந்ததும் எத்திராஜின் மூளையும் அவனோடேயே வீட்டுக்கு வருகிறது. உங்களுடையது எந்த லாக்கரில் இருக்கிறது?