குப்பைத் தட்டுப்பாடு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. குப்பையின் அருமையைக் கண்டுபிடித்த பெருமை மட்டும் அந்தச் சின்னத் தீவின் நிர்வாக மன்றத்துக்கே சேரும்.

அதற்கு முன்னால் தீவு அறியாமையில் மூழ்கிக் கிடந்தது. சுற்றுலாப் பயணிகள் தின்று குடித்து எறிந்த பாட்டில், தட்டு, பிய்ந்த செருப்பு எல்லாம் துப்புரவு மேற்பார்வையாளர் வீட்டுக்குப் பின்னால் மலையாகக் குவிந்தன. அக்கரைக்கு அனுப்பப் படகு இல்லை என்பதால் கொளுத்தினார்கள். புகை விடுதிகள் பக்கம் தலைவைத்தும் படுக்காது. காற்றுக்கும் யாரிடம் வாலாட்டலாம் என்று தெரியும். அது மேற்பார்வையாளரின் சமையலறை ஜன்னல் வழியாக உரிமையோடு உள்ளே வரும். அவருடைய சின்ன மகள் இருமிக்கொண்டே தூங்கி, இருமிக்கொண்டே எழுந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னார்னு ஞாபகம் இருக்கா?" என்றாள் மனைவி. "இந்தப் புகையிலயே வெச்சிருந்தா நெஞ்சு கெட்டுடுமாம்."

"தலைவர்கிட்ட சொல்லியிருக்கேன். படகுக்கு ஏற்பாடு பண்றாராம்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

மன்றத் தலைவர் சும்மா இருக்கவில்லை. அவசரக் கூட்டம் கூட்டினார். "படகு எதுக்குங்க? இவ்வளவு ஆள் வர்றாங்களே!" என்றார். பிறந்தது 'கடற்கரை காப்போம்' திட்டம். பயணிகள் கட்டணம் கட்டி, பச்சைச் சட்டையும் கையுறையும் வாங்கி, குனிந்து குப்பை பொறுக்கி, நிமிர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். கூட்டம் அலைமோதியது. கடற்கரை பளிச்சென்று ஆனது. ஆபத்து அங்கேதான் முளைத்தது.

ஒரு பயணி அம்மாள் அலுவலகத்துக்கே வந்து சண்டை பிடித்தார். "காலையிலேருந்து அலையறேன், ஒரு பாட்டில் மூடிகூடக் கிடைக்கல. இதுக்கா காசு வாங்குனீங்க?"

மன்றம் அதிர்ந்தது. மேற்பார்வையாளர் வீட்டுக்குப் பின்னால் உள்ள குப்பையை அன்றாடம் விடியற்காலையில் 'இயற்கையாகத் தோன்றும் வண்ணம்' கடற்கரையில் பரப்புவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. பொறுப்பு மேற்பார்வையாளருக்கு. தலைவரே நேரில் வந்து கலைநயம் சொல்லிக்கொடுத்தார்.

"யோவ், செருப்பை ஜோடியா வைக்காதய்யா! கடல் என்ன ஜோடி பார்த்தா ஒதுக்கும்?"

காலையில் கடற்கரைக்குப் போன குப்பை, மதியம் மூட்டையாகக் கட்டப்பட்டு மேற்பார்வையாளர் வீட்டுக்கே திரும்பியது. படத்துக்கு அழகாக இல்லாத குப்பையை வழக்கம்போல் கொளுத்தினார்கள். வழக்கம்போல் மகள் இருமினாள்.

அப்போதுதான் மேற்பார்வையாளர் வாழ்க்கையில் முதன்முதலாகச் சொந்தமாக யோசித்தார். பயணிகளிடம், "நீங்க பொறுக்குனதை நினைவுப்பொருளா வீட்டுக்கே கொண்டு போகலாம், இலவசம்!" என்றார். இலவசம் என்றதும் அடிதடி. ஆளுக்கொரு மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். மலை கரைந்தது. கொளுத்த ஒன்றுமில்லை. அன்று மகள் ஒரு தடவைகூட இருமாமல் தூங்கினாள். பழக்கமில்லாத அமைதியில் பயந்துபோன தாய், மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்து, பிறகு அழுதாள். அவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

தலைவர் அழைத்தார். "என்ன காரியம் பண்ணிட்ட! தீவுல குப்பையே இல்லையாமே?"

"அதுதானேங்கய்யா நம்ம வேலை?"

"நம்ம வேலை சுத்தம் பண்றதுய்யா. ஏற்கெனவே சுத்தமா இருந்தா எதைப் போய்ச் சுத்தம் பண்றது?"

நிர்வாக ஞானம் என்பது அதுதான்.

குப்பையை வெளியேற்ற இத்தனை வருடமாகக் கிடைக்காத படகு, அக்கரையிலிருந்து குப்பையை வரவழைக்க இரண்டே நாளில் கிடைத்தது. மாலை போட்டு வரவேற்றார்கள். நினைவுப்பொருள் தடை செய்யப்பட்டது. கடற்கரைக்குப் போக மிஞ்சியது ஏராளம். மீண்டும் கொளுத்தினார்கள்.

"திரும்பிப் போறப்ப படகு காலியாத்தானே போகுது?" என்றாள் மனைவி. "இதையெல்லாம் ஏத்திவிட வேண்டியதுதானே?"

"கேட்டேன். ஏத்திட்டா நாளைக்குத் தொழிலுக்கு என்ன பண்றதுன்னு திட்டுறார்."

அவள் மறுநாள் துணிப்பெட்டியோடும் இருமுகிற மகளோடும் அந்தக் காலிப் படகில் ஏறினாள். "எங்கம்மா வீட்டுக்குப் போறோம். நீங்களும் வாங்க."

"காலையில பரப்பணுமே..." என்றார் அவர்.

"நல்லாப் பரப்புங்க."

ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் எழுந்து கனைத்துக்கொண்டார். "பெருமையோடு அறிவிக்கிறேன். புகையால் பாதிக்கப்பட்டதாகப் புகார் சொல்ல இன்று நம் தீவில் ஒருவர்கூட இல்லை!" அரங்கம் அதிரக் கைதட்டியது. மேற்பார்வையாளரும் தட்டினார்.

அந்த மன்றத்துக்கு எதையும் அப்புறப்படுத்தத் தெரியாது என்று இனி யார் வாயைத் திறக்க முடியும்? இருமின பிள்ளையை அப்புறப்படுத்திவிட்டார்களே!