அருமையான சண்டை

மேனேஜர் பின்னறைக்குள் எட்டிப் பார்த்தபோது, அவள் அவனுடைய சட்டைக் காலரைப் பிடித்து அதில் ஒட்டியிருந்த கண்ணாடித் தூளை ஊதிவிட்டுக் கொண்டிருந்தாள்.

"என்ன நடக்குது இங்க?"

அது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. அவன் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவன். அவள் முன்னால் கவுன்ட்டரில் நின்று, வருகிறவர்களுக்கு ஃப்ரேம் மாட்டிப் பார்ப்பவள். காதலர்களோ தம்பதியோ ஒரே கிளையில் இருக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. தெரிந்தால் ஒருவரைக் கண்காணாத ஊருக்குத் தூக்கியடித்துவிடுவார்கள்.

அவன் முந்திக்கொண்டான். "பாருங்க சார், பொம்பளைப் பிள்ளை காலரைப் பிடிச்சு அடிக்க வர்றாங்க!"

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "லெஃப்ட் பவரை ரைட்டுல போட்டா கொஞ்சுவாங்களா?"

மேனேஜர் நம்பிவிட்டார். அன்று சாயந்திரம் பேருந்து நிறுத்தத்தில் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அங்கேயே அவன் திட்டம் போட்டான். தனக்கு சூப்பர்வைசர் பதவி வரும்வரை கடையில் கீரியும் பாம்புமாக இருப்பது. பதவி வந்ததும் கல்யாணம். அப்புறம் அவள் வேலையை விட்டுவிட்டு, பாதியில் நிறுத்திய படிப்பைத் தொடர்வது.

"அந்தப் பதவியை நானும் கேட்டா என்ன?" என்றாள்.

"ரெண்டு பேரும் முட்டிக்கிட்டு நிக்கவா? முதல்ல நான் வந்துடறேன்."

சித்தப்பா வீடு, அத்தை வீடு என்று பந்தாடப்பட்டு வளர்ந்தவன் அவன். தனக்கென்று ஒரு வீடு, அதில் அவள். இதற்கு மேல் அவன் எதற்கும் ஆசைப்பட்டதில்லை. அது கைநழுவிப் போய்விடுமோ என்ற பயத்தில்தான் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி வைத்தான், பாவம்.

சண்டை அமோகமாக நடந்தது. ஃப்ரேம் பார்க்க வந்தவர்கள் விலைகூடக் கேட்காமல் ஓடினார்கள். மேனேஜர் இருவரின் சாப்பாட்டு நேரத்தையும் பிரித்துவிட்டார். அதைச் சரிசெய்ய, "இவங்க சாப்பிடப் போனா கவுன்ட்டரை நான் பாக்கணுமா?" என்று அவன் கத்தப்போக, வார விடுமுறையும் வேறு வேறு நாளானது.

நேரில் தனியாகப் பேச வழியே இல்லாமல் போயிற்று. இரவில் போன் போட்டால், அசதி என்று சொல்லி அவள் வைத்துவிடுவாள். இனி சண்டை போட்டால்தான் அவள் குரலைக் கேட்க முடியும். ஆகவே அவன் இன்னும் ஆசையாகச் சண்டை போட்டான்.

மேனேஜர் தாங்க முடியாமல் ஒரு சுயமுன்னேற்றப் பயிற்சியாளரை வரவழைத்தார். "உறவு ஒரு கண்ணு, வேலை ஒரு கண்ணு. ரெண்டுலயும் பவர் சரியா இருக்கணும்" என்று ஆரம்பித்த அந்த மனிதர், இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தார்.

"மனசுல இருக்கறதைக் கொட்டிடுங்க."

அவள் நிமிர்ந்தாள். "இவருக்கு எல்லாத்துக்கும் ஒரு திட்டம் இருக்கு சார். முதல்ல இவர் மேல வரணும். மத்தவங்க காத்துக் கிடக்கணும். மத்தவங்களுக்கும் ஒரு ஆசை இருக்குமேன்னு ஒரு நாளாவது யோசிச்சிருக்காரா?"

அவனுக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. இப்படி நடிப்பவளுக்கு ஈடுகொடுக்காவிட்டால் மேனேஜருக்குச் சந்தேகம் வந்துவிடுமே! குரலை உயர்த்தினான்.

"ஃப்ரேம் மாட்டிவிடறவங்களுக்கு அப்படி என்ன சார் பெரிய ஆசை?"

அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. பயிற்சியாளரே கைக்குட்டையைத் தேடினார்.

'அழுகை பிரமாதம்!' என்று போனில் செய்தி அனுப்பினான். பதில் இல்லை. ஜாக்கிரதையாக இருக்கிறாள் என்று மெச்சிக்கொண்டான்.

அடுத்த வாரம் கவுன்ட்டரில் வேறொரு பெண் நின்றாள்.

"அந்தப் பொண்ணு தானாவே மாற்றல் கேட்டு வாங்கிட்டுப் போயிடுச்சுப்பா. அங்க சூப்பர்வைசராம்" என்றார் மேனேஜர். "இனிமேலாவது நிம்மதியா இரு."

முதலில் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. வேறு வேறு கிளை என்றால் விதியே குறுக்கே வராதே! நாளைக்கே கல்யாணம் செய்துகொள்ளலாம். இந்தப் பதவி போனால் போகட்டும், அவள் ஊருக்கே போய் ஏதாவது கடையில் லென்ஸ் தேய்க்கலாம். என்ன மூளை இவளுக்கு!

போன் போட்டான். எடுக்கவில்லை. மறுபடி போட்டான். எடுக்கவில்லை. புது இடம், வேலை மும்முரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனாலும் தேய்த்துக்கொண்டிருந்த லென்ஸ் உடைந்தது. யாராவது "ஆமாம், அப்படித்தான் இருக்கும்" என்று சொன்னால் தேவலை என்றிருந்தது.

கடை பெருக்கும் அக்காவைத் தவிர அங்கே யாருமில்லை.

"அக்கா, இனிமே உங்ககிட்ட மறைக்க வேண்டியதில்ல. நாங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கப் போறோம். இத்தனை நாள் போட்ட சண்டையெல்லாம் வெறும் நடிப்பு!"

சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

அக்கா பெருக்குவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள்.

"நடிப்பா? உங்கிட்ட கத்திட்டு மாடிப்படிக்குக் கீழ ஓடிவந்து, தினமும் என் தோள்ல சாஞ்சு அழுமே தம்பி அந்தப் பொண்ணு!"