உன் அம்மா குழம்பில் காரம் இல்லை

மேல்கணக்கு டிவிசன்,
நோர்வூட்.
18.7.1955

என் அருமை மகள் சௌபாக்கியவதி சண்முகவடிவுக்கும், மாப்பிள்ளை கணேசமூர்த்திக்கும், ஐந்து மாதமாக உன் வயிற்றில் இருந்தபடி என் கடிதங்களைக் கேட்டுவரும் இன்னொருவருக்கும் அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நாங்கள் நலம். நலம் என்றுதான் தொடங்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் நான் படிக்கவில்லை.

விஷயம் உன் அம்மாவின் குழம்பைப் பற்றியது. அவள் குழம்பைத் தொட்டாலே மூக்கும் கண்ணும் ஒழுகி, விக்கலெடுத்து, நீ தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நிற்பாயே, அந்த அப்பா இப்போது இல்லை. சித்திரையில் பெரட்டுக்களத்தில் காலையில் ஆட்களின் பெயர் கூப்பிடும்போது விழுந்தேன், பாசி வழுக்கிவிட்டது என்று உனக்கு எழுதினேன். பாசி இல்லை, தலைசுற்றல். அதற்குப் பிறகு ஒருநாள் கருவாட்டுக் குழம்பு வாயில் பச்சைத் தண்ணீராக இருந்தது. "காளியாயி, காரம் போடலியா?" என்று கேட்டது என் குற்றம். முப்பது வருஷமாகக் காரம் தாங்காமல் அழுத மனுஷன் இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? "ஓகோ, என் கை சப்புன்னு போயிருச்சோ?" என்று மறுநாள் இரண்டு மிளகாய் கூடப் போட்டாள். அதற்கும் நான் உதட்டைப் பிதுக்க, அடுத்த நாள் ஊசியாய் உறைக்கும் கொச்சிக்காயையே ஒரு கைப்பிடி அரைத்துவிட்டாள். லயத்தில் பக்கத்து வீட்டு அழகன் இருமிக்கொண்டே வந்து, "கணக்கப்பிள்ளையய்யா, கொழம்பு வைக்கிறீங்களா, இல்ல லயத்தக் காலி பண்ண வைக்கிறீங்களா?" என்றான். அவன் கண்ணெதிரே மூன்று கொச்சிக்காயை வெற்றிலை மாதிரி மென்று காட்டினேன். தோட்டம் முழுக்க என் வீரம் பரவியது, மகளே. எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

இத்தனை பேர் பார்த்ததில் கண் பட்டிருக்கும் என்று அன்று மாலையே உன் அம்மா மிளகாயும் உப்பும் என் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். அழகன் வீட்டு நாய் தும்மியது, அவன் பெண்சாதி வீரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள், உன் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. அடுப்புக்கு முன்னால் நான் மட்டும் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். "ஊருக்கெல்லாம் நெடி, இந்த மனுசனுக்கு மட்டும் இல்லன்னா எம்புட்டுக் கண்ணு பட்டிருக்கணும்!" என்று அவள் அழுதாள். இந்தச் சொட்டைத் தலைக்கும் முன்பல் போன வாய்க்கும் கண் வைக்கிறவன் எவ்வளவு கஷ்டத்தில் இருப்பான் என்று நான் சிரித்தேன்.

சிரிப்பு அந்த வாரமே வந்த காய்ச்சல் வரைக்கும்தான். தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் ஐயா நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். குச்சியால் தொண்டைக்குள் தடவினார். எனக்குக் குமட்டவே இல்லை. "காரம்ங்கிறது ருசி இல்ல கணக்கப்பிள்ளை. சூட்டையும் வலியையும் சொல்ற நரம்புதான் மிளகாயையும் சொல்லுது. தொண்டையில ஏதாச்சும் தப்பாப் போனா இருமச் சொல்றதும் அந்த மாதிரி நரம்புதான். நீங்க விழுந்த அன்னிக்கே ஒங்களுக்கு அது அவிஞ்சு போச்சு. குடிக்கிற கஞ்சி கொஞ்சம் கொஞ்சமா நெஞ்சுக்குள்ள எறங்குது, ஒங்களுக்குத் தெரியல." மருந்து கேட்டேன். "கஞ்சியக் கெட்டியாக் காய்ச்சி, நிமிந்து உக்காந்து, மெதுவா முழுங்குங்க" என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மகளுக்கு எழுதிட்டீங்களா?" என்றார்.

அதனால் எழுதுகிறேன். உன் அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. நெஞ்சுச் சளி, காரம் ஆகாது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நீ பதறிப்போய் இந்த மழையில் கொத்மலையிலிருந்து பஸ் ஏறிவிடாதே. ஏழாம் மாதம் நானே வந்து அழைத்து வருவேன். பிள்ளைக்கு என் பெயரை வைக்கலாமா என்று மாப்பிள்ளை யோசித்தால், அவசரம் வேண்டாம், நான் இன்னும் இருக்கிறேன் என்று சொல். குறையில்லாமல் பெற்று, நிறைந்து வாழ அந்த முருகன் உனக்குத் துணை இருப்பான்.

இப்படிக்கு,
அப்பா மாயாண்டி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் சாப்பிடக் கூப்பிட்டாள். இன்று அவள் தட்டிலும் என் கஞ்சிதான், ஒரு மிளகாய் கூட இல்லை. எதிரே உட்கார்ந்து, நான் விழுங்கும் ஒவ்வொரு வாய்க்கும் என் தொண்டையையே பார்க்கிறாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. "என்ன, காரமா?" என்று கேட்டேன். "ஆமாங்க, கொஞ்சம் கூடிப்போச்சு" என்றாள். ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடு.